பெற்றோர் கூட்டத்தில என்ன சொல்லுறது? ஒரு உதவி

வணக்கம் ரீச்சர்மார், ஒரு சின்ன உதவி. நான் மாங்குளம் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன், 19 பிள்ளையள். விளையாட்டோடதான் எல்லாம் சொல்லிக்குடுக்கிறது, ஆனா அம்மாமார் வந்து கொப்பிய விரிச்சுப் பாத்திட்டு "என்ன ரீச்சர், இன்னும் அ, ஆ எழுதேல்லையோ" எண்டு கேக்கினம், ரெண்டு பேர் பிள்ளைய வேற இடத்துக்கு மாத்தியும் போட்டினம்.

நேற்று நாலு வயசுக்காரன் ஒருத்தன் சிரட்டையில மண்ண அள்ளி வச்சு மீன் விக்கிறான். புளியங்கொட்டைதான் காசு. "மீன் மூண்டு, நீ அஞ்சு தந்தனீ, இந்தா மிச்சக்காசு ரெண்டு" எண்டு எண்ணிக் குடுக்கிறான். இது கணக்கில்லாம வேற என்ன? பென்சில் பிடிக்க விரல் பலப்படவும் இந்த மண் பிசையிறது, கொட்டை பொறுக்கிறதுதானே வேணும்.

2018இல உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், உலக வங்கி எல்லாம் சேந்து சின்னப் பிள்ளையளின்ர வளர்ச்சிக்கெண்டு வெளியிட்ட சட்டகத்திலயும் சுகம், சாப்பாடு, பாதுகாப்பு, பிள்ளையின்ர மனமறிஞ்சு பதில் குடுக்கிறது, ஆரம்பக் கற்றல் எண்டு அஞ்சும் ஒண்டாத்தான் கிடக்கு. அத அப்பிடியே வாசிச்சா கொட்டாவிதான் விடுவினம் 😅

வாற சனி கூட்டம். உங்கட இடத்தில எப்பிடி விளங்கப்படுத்தினீங்கள்? பெற்றோரையே கொஞ்ச நேரம் விளையாட விட்டுப் பாத்த ஆக்கள் இருக்கினமோ? மற்றது மாரி தொடங்கினா மணல் பக்கம் போகேலாது, இருக்கிறது ஒரே ஒரு மண்டபம், செலவில்லாம உள்ளுக்க செய்யக்கூடியது என்னவெண்டாலும் சொல்லுங்கோ. பழைய ரயர் ஆரிட்டயும் கிளிநொச்சிப் பக்கம் இருந்தா அதுவும் வேணும், நானே வந்து ஏத்துறன்.