கேட்டியில் மாடியில்லாத வீடு, 3 நாளில் புயல்: எதை முதலில் செய்வது?

புதுக்குடித்தனம்: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். மெக்ஸிகோ வளைகுடாவில் உள்ள புயல் 3 நாளில் கரையேறும் என்கிறார்கள். வகை 1 தானே, பெரிதாக இருக்காது என்று விடலாமா? ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள், அப்பாவுக்கு இன்சுலின். ஜெனரேட்டர், மணல் மூட்டை போதுமா? வெள்ளக் காப்பீடு இப்போது எடுக்கலாமா?

பேயூக்கரை: வகை எண் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான், மழைக்கு அல்ல. 2017இல் ஹார்வி கரையேறியபோது வகை 4. ஹூஸ்டனை மூழ்கடித்தபோது அது வலுக்குறைந்த வெப்பமண்டலப் புயல்தான். நகராமல் நின்றதுதான் வினை. டெக்ஸஸின் நெடர்லாண்ட் (Nederland) ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அதனால் புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எத்தனை அங்குலம் எதிர்பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் தெரு பார்க்கர் (Barker) அணைக்கு மேற்புறம், நீர் தேங்கும் பரப்புக்குள் வருகிறதா என்றும் இன்றே பாருங்கள். ஹார்வியில் அங்கே அணை உடையவில்லை, தேங்கிய நீர் பின்னோக்கி ஏறியே வீடுகளுக்குள் புகுந்தது.

தேசிய வெள்ளக் காப்பீட்டுக்கு பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு, இந்தப் புயலுக்கு உதவாது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குக் காசு தராது. எதற்கும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

ஸ்பானர்: மணல் மூட்டையை ரொம்ப நம்பாதீர்கள். வாசலை அடைத்தாலும் செங்கல் சுவரின் அடிவரிசையில் விட்டிருக்கும் இடுக்குகள் வழியாக வரும். குளியலறை வடிகாலிலிருந்து மேலே பொங்கியும் வரும்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராமல் வெளிப்பக்கம் போகும்படி. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க மின்சாரம் விடும் வேலை வேண்டாம், தெருக்கம்பியில் வேலை செய்பவர் உயிர் போகும். அணைத்து, ஆறவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

அடுக்களை: தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 காலன். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமலிருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24, ஃப்ரீசர் அல்லாத ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். இட்லி மாவு இருந்தால் இப்போதே ஊற்றிவிடுங்கள், மின்சாரம் போனால் புளித்துப் பொங்கிவிடும். ஐஸ் பெட்டியில் இன்சுலின் ஐஸைத் தொடக் கூடாது, துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோனால் திரும்ப உருகினாலும் பயன்படாது.

புதுக்குடித்தனம்: நன்றி. வெளியேறுவதா, இருப்பதா?

பேயூக்கரை: தண்ணீர் தேங்கும் பரப்புக்குள் வீடு என்றால், பெற்றோரோடு முந்தைய நாளே பகல் வெளிச்சத்தில், உயரமான பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்கு ஆஸ்டின்வரை ஓட வேண்டாம். 2005 ரீட்டா புயலில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி, நெடுஞ்சாலையிலேயே பலர் இறந்தார்கள். டேங்கை இன்றே நிரப்புங்கள்.

மழை கொட்டும்போது கார் எடுக்காதீர்கள். ஓடும் தண்ணீர் 12 அங்குலம் இருந்தாலே சிறிய கார் மிதக்கும். பாலத்தடிச் சாலையில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கிளம்பும்போது, தரை காய்ந்திருந்தால் மட்டும், மெயின் பிரேக்கரை அணையுங்கள். வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் கூரைக்குப் போங்கள், வெளிவழி இல்லாத அட்டிக்குக்குள் (கூரைக்கடிப் பரண்) ஏறாதீர்கள்.