பியோனா புயல் பாடம்: ஒரு செய்முறை வேண்டும்

நண்பர்களே, வரும் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் புயல் பாடம், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடல் நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் சூறாவளி வலுக்கும், குளிர்ந்த வடகடலுக்குப் போனால் ஆவி கிடைக்காமல் அடங்கிவிடும், போதாததற்கு உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அதைச் சாய்த்துக் கலைத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதுவரை சரி.

ஒரு மாணவி 2022 பியோனாவைப் பற்றிக் கேட்டாள். செப்டம்பர் 24 அதிகாலை அது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறியபோது காற்றழுத்தம் சுமார் 932 மில்லிபார், அழுத்தம் இவ்வளவு குறைந்தால் புயல் மிக வலுவாக இருக்கிறது என்று பொருள். நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்க் ஊரில் வீடுகளையே கடல் இழுத்துக்கொண்டு போனது. குளிர்ந்த நீரில் எப்படி சார் என்கிறாள், நியாயமான கேள்வி.

பாதையைச் சிவப்புப் பென்சிலால் வரைந்து காட்டினேன், அட்லாண்டிக்கில் வடக்கே ஓடும் சூடான வளைகுடா நீரோட்டத்தைத் தாண்டியதும் நீர் சட்டென்று குளிர்வதையும் குறித்தேன். கரையேறும் முன்பே அது வெப்பமண்டலப் புயல் என்ற நிலையை இழந்து, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் இடத்தில் சக்தி எடுக்கும் வேறு வகையாக மாறிவிட்டது என்றும் சொன்னேன். ஆவி எழுவதைக் காட்ட வெந்நீர்த் தட்டு, ஐஸ் தட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அது முதல் பாதிக்குத்தான் உதவியது. இரண்டாம் பாதியில் பிள்ளைகள் முகத்தில் தெளிவே வரவில்லை. ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டி, உணவு நிறமி, ஐஸ் இருக்கின்றன.

வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே புயல் சக்தி பெறுவதை இவற்றை வைத்துக் கண்ணால் காட்ட என்ன செய்யலாம்?