ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து ஆராயும் ஒரு திட்டத்துக்காகப் பெற்றோர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். பிள்ளையை ஆய்வில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் இதைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'செயல்சார் இணைப்பு' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஒரு தாய், "அப்போ மூளையில நரம்பு எங்கேயோ அறுந்திருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். மூலத்தில் அப்படி எதுவுமே இல்லை. உதவுங்கள்.

*

தோழருக்கு,

அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் ஆய்வு மாணவி என்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை செயல்படுவதைக் காந்தப் புலத்தால் படமெடுக்கும் முறை, நரம்பைப் படமெடுப்பதில்லை, ரத்தத்தைப் பின்தொடர்கிறது. மூளையில் ஓரிடம் மும்முரமாகும்போது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அங்கே கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சற்றே கலைக்கும். ஆக்சிஜன் ஏறியது அப்படிக் கலைக்காது. 1990இல் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைப் படமாக்கிக் காட்டினார். குழந்தை சும்மா படுத்திருக்க, ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு படம். இப்படிச் சில நிமிடங்கள் எடுத்தால் மூளையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு இடங்களின் கோடுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றுக்கிடையே ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி வலுவாக உள்ளது என்கிறோம். அவ்வளவுதான். நடுவில் நேரடியான நரம்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நரம்பிழைகளின் போக்கை அறிய வேறு படமுறை உண்டு.

*

> இரண்டு இடங்களின் கோடுகள் சேர்ந்தே ஏறி இறங்கினால்

சொல் இந்த வரியிலேயே இருக்கிறது, அம்மா. மூன்றாம் வேற்றுமை 'ஒடு' உருபின் பொருள் உடனிகழ்ச்சி, அதாவது சேர்ந்து நிகழ்வது. அந்த 'உடன்' என்பதைப் பிடித்துக்கொண்டால் 'உடனியக்கம்'.

இன்னும் ஒன்று பாருங்கள். 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்கிறது தொல்காப்பியம். 'அரசனொடு இளையர் வந்தார்' என்பது உரைகாரர் காட்டு. வருகிற வினை இருவருக்கும் பொது; ஆனால் 'ஒடு' உயர்ந்தவரிடம் போய் ஒட்டுகிறது. ஆகவே 'அ-வொடு ஆ இயங்குகிறது' என்று எழுதினால் அ-வுக்கு ஒரு தலைமை வந்துவிடும். 'உடனியக்கம்' என்று தொகுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு போய்விடுகிறது. இய என்னும் அடியிலிருந்து இயங்கு, இயல், இயை, இயம்பு எல்லாம் கிளைத்தன என்பது என் நெடுநாள் எண்ணம். இசையும் அங்கிருந்தே வந்திருக்கலாம். யாப்பில் இயைபுத் தொடை இருக்கிறதே, அடிகளின் இறுதி ஒன்றி வருவது, அதுவும் இந்தக் குடும்பம்தான். அந்த வழியில் போனால் 'இயைவு' என்று மூன்றே எழுத்தில் முடிக்கலாம். அதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

*

ஐயா, இலக்கணம் இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவில்லை. எது எதை நடத்துகிறது என்று இந்த அளவீடு சொல்வதே இல்லை. இரு கோடுகளும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண் +1 முதல் -1 வரை போகும், திசை கிடையாது. திசையையும் கணிக்க முயலும் முறைக்கு 'எஃபெக்டிவ் கனெக்டிவிட்டி' என்று வேறு பெயர்.

*

நண்பர்களே, சற்று நிதானிப்போம்.

நான் கலைச்சொல் தொகுப்பில் பல காலம் இருந்தவன். ஸ்ட்ரக்சுரல், ஃபங்ஷனல், எஃபெக்டிவ் என்று மூன்று கனெக்டிவிட்டி. மூலமொழியில் மூன்றும் உடன்பிறப்புகள் என்பது பெயரிலேயே தெரிகிறது. கட்டமைப்பிணைப்பு, செயலிணைப்பு, விளைவிணைப்பு என்றால் தமிழிலும் தெரியும். நடுப்பிள்ளையை மட்டும் 'உடனியக்கம்' என்று தத்துக் கொடுத்துவிட்டால், நாளை பாடநூல் எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒரு கையேட்டுக்காகத் துறையின் வரிசையைக் குலைக்கக் கூடாது. பெற்றோருக்கு ஐயம் வந்தால் அடுத்த வாக்கியத்தில் விளக்குங்கள்.

'ஒத்திசைவு' என்று எனக்குத் தனி மடலில் பரிந்துரைத்தவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐயின் ஆர், அதாவது ரெசொனன்ஸ், தமிழில் 'ஒத்ததிர்வு'. ஒரே வாக்கியத்தில் ஒத்ததிர்வும் ஒத்திசைவும் வந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

முதல் வரியிலேயே 'ஆட்டிசம்' என்று அயற்சொல்லை வைத்துக்கொண்டு உள்ளே தூய்மை பேசுவதும் சரியில்லை. 'மதியிறுக்கம்' இருக்கிறதே?

*

வணக்கம். நான் மொழி அறிஞர் இல்லை. என் மகனுக்கு ஆட்டிசம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மதி இறுகிவிட்டது என்று சொல்லும் பெயர் எங்களுக்கு வேண்டாம் ஐயா. கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது ஆட்டிசம் என்கிறார்கள். அது அயற்சொல்லாகவே இருக்கட்டும். யாரும் அதைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. ஒத்திசைவும் வேண்டாம். 'உங்கள் பிள்ளைக்கு ஒத்திசைவு குறைவு' என்றால் அவன் யாரோடும் ஒத்துப்போகாதவன் என்றுதான் சொந்தக்காரர்கள் காதில் விழும். 'இணைப்பு குறைவு' என்றால் பழுது பார்க்கிற பேச்சு. எதை எழுதினாலும் 'குறைவு' என்ற சொல்லோடு சேர்த்துப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

*

அம்மா சொல்வதோடு, ஆய்வு மாணவியாக என் கவலையையும் சேர்க்கிறேன். 2004இல் ஒரு குழு, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வாக்கியங்களைப் படிக்கும்போது மூளைப் பகுதிகள் சேர்ந்து இயங்குவது குறைவாக இருப்பதாகச் சொன்னது. 'இணைப்புக் குறைவு' என்ற கருதுகோள் வேகமாகப் பரவியது. 2012இல் வேறு சில குழுக்கள் ஒன்றைக் காட்டின: படமெடுக்கும்போது தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே, தொலைவில் உள்ள இடங்களின் தொடர்பு குறைந்ததுபோலவும் அருகருகே உள்ளவற்றின் தொடர்பு கூடியதுபோலவும் எண்கள் மாறும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆகவே பழைய முடிவுகளில் எவ்வளவு மூளை, எவ்வளவு அசைவு என்று மீண்டும் பார்க்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு 17 ஆய்வு மையங்கள் 1,112 பேரின் படங்களைப் பொதுவில் வைத்தன. அதன் பிறகும் கூடுதல், குறைவு இரண்டுமே அறிக்கைகளில் வருகின்றன. படத்தை மட்டும் பார்த்து ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று தீர்மானிக்கும் முறை மருத்துவ வழக்கில் இன்றும் இல்லை.

'இணைப்பு' என்று எழுதினால், இன்னும் உறுதிப்படாத ஒன்றுக்கு நாமே கம்பி இழுத்துக் கொடுத்ததாகிவிடும்.

'உடனியக்க'த்திலும் ஒரு தடை இருக்கிறது. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் 'அசையாமல் படுத்திருக்க வேண்டும்' என்று வருகிறது. அடுத்த பத்தியிலேயே 'இயக்கத்தை அளக்கிறோம்' என்றால்?

*

அதற்காகத்தான் 'இயைவு' என்றேன். அதில் அசைவு இல்லை. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று இலக்கணமே புதுச்சொல்லுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

*

'இயைவு' என்றால் எந்தப் பெற்றோருக்குப் புரியும், ஐயா?

*

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. கையேட்டில் 'சேர்ந்து ஏறி இறங்குவது' என்று வினையாகவே எல்லா இடத்திலும் எழுதுகிறேன். பெயர்ச்சொல் தேவைப்படும் ஒரே இடத்தில் 'மூளைப் பகுதிகளின் உடனியக்கம்'. 'இது உடல் அசைவைக் குறிக்காது, நரம்பு அறுந்ததையும் குறிக்காது' என்று அங்கேயே ஒரு வரி. ஆட்டிசம் ஆட்டிசமாகவே இருக்கும். பதில் எழுதியவர்களில் ஐந்து பேர் இதற்குச் சரி என்றார்கள், அதில் இருவர் அரை மனதாக.

*

கையேட்டுக்கு மறுப்பில்லை. தொகுப்பில் 'செயலிணைப்பு' என்பதையே பதிகிறேன், பக்கத்தில் உங்கள் சொல்லையும் வைக்கிறேன். எஃபெக்டிவ் கனெக்டிவிட்டிக்கு 'உடன்' சேர்த்து ஒரு சொல் காட்டுங்கள், என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். அதில் திசை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

*

திசை வேண்டுமென்றால் 'ஒடு' உருபை விட்டு, செய்பவரைக் காட்டும் 'ஆல்' உருபுக்குப் போக வேண்டும். அதுவும் மூன்றாம் வேற்றுமைதான். இன்றிரவு எழுதுகிறேன்.