கோத்தகிரி பக்கம் அக்வாபோனிக்ஸ்: ரெண்டு மாசம் நல்லா ஓடின தொட்டியில அமோனியா ஏறிட்டே போகுது, உதவி பண்ணுங்க

கட்டபெட்டு_மீன்தொட்டி:
வணக்கம்ங்க. கட்டபெட்டுல வீட்டுக்கு பின்னாடி நானே ஒரு அக்வாபோனிக்ஸ் கட்டியிருக்கேன், அதாவது மீன் தொட்டி தண்ணியிலயே செடி வளக்கறது. கிணத்து உறை நாலடி அகலத்துல மூணு வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி உள்ள சிமெண்ட் பூசி அதுதான் மீன் தொட்டி, 800 லிட்டர் நிக்குது. நீல டிரம் ரெண்டை நெடுக்க பொளந்து செடிக்கு நாலு பெட், முக்கால் இன்ச் கருங்கல் ஜல்லி, பெட் நிரம்பினா தண்ணியை தானா தொட்டிக்கு இறக்கற பெல் சைஃபன், அடியில ஒரு சின்ன பம்ப்பு. தண்ணி எங்க ஹட்டிக்கு (ஊருக்கு) மேல இருக்கற ஊத்துல இருந்து பைப்புல வருது, குளோரின் எதுவும் கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில மத்தி மீன் தலை நாலு துணியில கட்டி தொங்கவிட்டு சைக்கிளிங் ஆரம்பிச்சேன் (அமோனியாவை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியாவை வளக்கறது), நாத்தம் தாங்கல ஆனா வேலை செஞ்சுது. மூணு வாரத்துல அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறுச்சு, அப்புறம் அதுவும் இறங்கி நைட்ரேட் காட்டுச்சு. செப்டம்பர் கடைசியில சாதா கெண்டை குஞ்சு 40 விட்டேன். லெட்டூஸ், புதினா, ஸ்ட்ராபெரி வெச்சேன், லெட்டூஸ் ரெண்டு தடவை அறுத்து சாப்பிட்டோம்.

இப்ப நவம்பர் கடைசி. பத்து நாளா அமோனியா ஏறிட்டே இருக்கு, 1 ஆச்சு, 2 ஆச்சு, இன்னைக்கு 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்). நைட்ரைட் 0. நைட்ரேட் 10லயே நிக்குது. பிஎச் 6 காட்டுது. காலையில தண்ணி 13 டிகிரி, மதியம் 17. தீனி ஒரு நாளைக்கு 30 கிராம் போடறேன். மீன் எதுவும் சாகல, நல்லாத்தான் நீந்துது. லெட்டூஸ் இளம் இலை ஓரம் மட்டும் கருகுது. குளிர்ல பாக்டீரியா எல்லாம் செத்துருச்சா? ஹீட்டர் வாங்கணுமா? அம்மா தினம் வந்து மீனை எட்டி பாத்துட்டு போறாங்க, ஒண்ணு செத்தாலும் எனக்கு மனசு கேக்காது.

ஊட்டி_கேரட்:
குளிர்தான் தம்பி. பாக்டீரியாக்கு 25ல இருந்து 30 டிகிரி வேணும், 18லயே வேகம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிரும். எங்க ஊர்ல டிசம்பர் ஜனவரியில பனி விழும்போது நான் மொத்தமா நிறுத்திடுவேன். ஹீட்டர் போட்டு பாருங்க.

சிறுமுகை_சம்ப்:
ஹீட்டர் வேண்டாம்ங்க, கணக்கு போட்டு பாருங்க. 800 லிட்டரை 10 டிகிரி ஏத்தறதுக்கே 9 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஆகும், மூடாத தொட்டியில அது ராத்திரியோட ராத்திரியா போயிரும். அதைவிட பம்ப்பை பாருங்க. ராத்திரி பூரா ஓடினா தண்ணி ஜல்லி மேல பரவி பரவி குளுந்து கீழ வரும், பைக் ரேடியேட்டர் மாதிரி. ராத்திரி மணிக்கு 15 நிமிஷம் ஓடினா போதும், ஆனா காத்து பம்ப்பை மட்டும் எப்பவும் நிறுத்தாதீங்க. தொட்டி வெளிய சுத்தி தெர்மோகோல் கட்டி மேல ஒரு மூடி போடுங்க.

பூம்பாறை_பூண்டு:
தம்பி, கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில நானும் இதே மாதிரி ஒண்ணு நாலு வருஷமா ஓட்டறேன். குளிர் ஒரு காரணம்தான் ஆனா அது முக்கிய காரணம் இல்லன்னு எனக்கு படுது. குளிர்னா வேகம் குறையும், அமோனியா மெதுவா ஏறும், நைட்ரைட் கொஞ்சமாவது தெரியும், நைட்ரேட் இப்படி அசையாம நிக்காது. உங்களுக்கு மொத்தமா நின்னு போயிருக்கு.

ரெண்டு விஷயம் கேக்கறேன். பிஎச் 6ன்னு சொன்னீங்களே, அது சொட்டு விடற கிட்டா? நிறம் நல்ல மஞ்சளா இருந்துச்சா? அந்த கிட்டுல பல மாடல்ல 6க்கு கீழ நிறமே கிடையாது, 5 இருந்தாலும் அதே மஞ்சள்தான் காட்டும். இன்னொண்ணு, கேஎச், அதாவது பிஎச் இறங்காம தாங்கிப் பிடிக்கற சுண்ணாம்புச் சத்து, எப்பவாவது பாத்தீங்களா?

இன்னும் ஒண்ணு சொல்றேன், 4 பிபிஎம் அமோனியாவுல மீன் நல்லா நீந்துதுன்னா அதுவே ஒரு துப்பு. பிஎச் குறைவா இருந்தா அமோனியா எல்லாம் அமோனியமா மாறி நிக்கும், அது மீனை அவ்வளவா கடிக்காது. பிஎச் 8 இருந்திருந்தா இந்நேரம் மீன் மேல வந்து வாய் பொளந்துட்டு இருக்கும்.

கட்டபெட்டு_மீன்தொட்டி:
அக்கா ஆமா மஞ்சள்தான். பக்கத்து வீட்டு அண்ணா மண்ணு பாக்கறதுக்கு பிஎச் பேனா வெச்சிருக்காரு, இப்பதான் வாங்கி பாத்தேன், 5.4!! ஊத்து தண்ணியில வெச்சா 6.1. கேஎச் கிட் குன்னூர்ல ஒரு மீன் கடையில கிடைச்சுது, தொட்டி தண்ணியில முதல் சொட்டுலயே நிறம் மாறிருச்சு. ஊத்து தண்ணியும் ஒரே சொட்டுதான்.

ஆனா ஆரம்பத்துல பிஎச் 7.6ல இருந்துச்சே, நோட்டுல எழுதியிருக்கேன். அதே ஊத்து தண்ணிதான். எங்க போச்சு?

பூம்பாறை_பூண்டு:
எங்க போச்சுன்னு சொல்றேன், இதை கொஞ்சம் பொறுமையா படிங்க.

பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டா மாத்தும்போது அமிலம் உண்டாகுது. 1 கிராம் அமோனியா நைட்ரஜனை மாத்த சுமார் 7 கிராம் சுண்ணாம்புச் சத்து தண்ணியில இருந்து கரைஞ்சு போகும். நீங்க 30 கிராம் தீனி போடறீங்க, அதுல புரதம் 32 சதவீதம்னு வெச்சுக்கிட்டா நைட்ரஜன் ஒன்றரை கிராம், அதுல மீன் அமோனியாவா வெளிய விடறது தோராயமா 1 கிராம். அப்ப ஒரு நாளைக்கு 7 கிராம். உங்க ஊத்து தண்ணி ஒரு சொட்டு, அதாவது லிட்டருக்கு 18 மில்லிகிராம், 800 லிட்டர்ல மொத்தமே 14 கிராம்தான். ரெண்டு நாள் செலவுக்குத்தான் காணும். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கொஞ்சம் திரும்ப கிடைக்கும், ஆனா பாதிக்கு மேல வராது.

அப்ப ரெண்டு மாசம் எப்படி ஓடுச்சுன்னு கேப்பீங்க. உங்க சிமெண்ட் உறைதான் ஓட்டுச்சு! புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சுகிட்டே இருந்திருக்கு, 7.6 வந்தது அதால. மெல்ல மெல்ல கசிவு குறைஞ்சு, சுவத்துல பாசியும் படிஞ்சு, உள்ள வர்ற சுண்ணாம்பை விட கரையறது அதிகமா போயிருச்சு. பிஎச் 6க்கு கீழ போனா பாக்டீரியா வேலையை நிறுத்திரும். செத்திருக்காது, பயப்படாதீங்க, ஜல்லியிலதான் ஒட்டிட்டு இருக்கும்.

ஒரு சந்தேகம், ஐப்பசி மழை பெட் மேல நேரா விழுந்துச்சா?

கட்டபெட்டு_மீன்தொட்டி:
ஆமாக்கா, மேல கூரை எதுவும் இல்ல. வடகிழக்கு மழை இந்த தடவை விடாம பேஞ்சு தொட்டி நாலஞ்சு தடவை வழிஞ்சு ஓடுச்சு. மழை தண்ணி நல்ல தண்ணிதானேன்னு விட்டுட்டேன். ஜல்லியையும் வினிகர் ஊத்தி பாத்து நுரை வராத கல்லா பொறுக்கி பொறுக்கி போட்டேன், சுண்ணாம்புக்கல் இருக்க கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க.

பூம்பாறை_பூண்டு:
அதேதான் தம்பி. அந்த அறிவுரை எல்லாம் கீழ இருக்கறவங்களுக்கு. அவங்க போர் தண்ணி உப்பு, பிஎச் 8க்கு மேல நிக்கும், எப்படி குறைக்கறதுன்னு திண்டாடுவாங்க. நம்ம மலைத்தண்ணி அதுக்கு நேர் எதிர், பாறையில இருந்து எதையும் பெருசா கரைச்சுட்டு வராது, மழை தண்ணி அதைவிட வெறும் தண்ணி. நமக்கு ஒரு பெட்டுல நுரை வர்ற கல்லு கொஞ்சம் இருந்தா நல்லது.

ஹில்குரோவ்_அண்ணன்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு. கால் கிலோ சுண்ணாம்பை கரைச்சு ஊத்துங்க, ஒரே நாள்ல பிஎச் ஏறிரும்.

பூம்பாறை_பூண்டு:
தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க!! அண்ணா கோவிச்சுக்க வேண்டாம், நான் முதல் வருஷம் இதையேதான் செஞ்சேன், காலையில பாத்தா 22 மீன் மிதந்துச்சு. பிஎச் ஒரு புள்ளி ஏறினா விஷமா இருக்கற அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும். 4 பிபிஎம் தண்ணியில 5.4ல இருந்து 8.5க்கு ஒரே ராத்திரியில தூக்கினா ஆயிரம் மடங்கு. இப்ப அமைதியா நீந்தற மீன் நாம மருந்து போட்டதாலயே சாகும். அமோனியாவை முதல்ல குறைக்கணும், பிஎச் அப்புறம்தான்.

தம்பி இப்படி பண்ணுங்க. இன்னைக்கே தீனியை நிறுத்துங்க, இந்த குளிர்ல கெண்டை ஒரு வாரம் பத்து நாள் சாப்பிடாட்டியும் ஒண்ணும் ஆகாது, 13 டிகிரியில 30 கிராம் போட்டதே ரொம்ப அதிகம். ஊத்து தண்ணியை டிரம்ல பிடிச்சு ஒரு ராத்திரி காத்து கல்லு போட்டு வெச்சுட்டு, மூணுல ஒரு பங்கு மாத்துங்க. ஒரு நாள் விட்டு மறுபடி மூணுல ஒண்ணு. அமோனியா 2க்கு கீழ வந்ததும் சமையல் சோடா, ஆப்பத்துக்கு போடறது, பேக்கிங் பவுடர் இல்ல, 25 கிராம் ஒரு வாளியில கரைச்சு மெதுவா ஊத்துங்க. 800 லிட்டருக்கு அது கேஎச்சை ஒரு சொட்டு ஏத்தும். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு 25. பிஎச் 6.5 வந்தா நிறுத்திருங்க. சோடாவுல சோடியம் இருக்கு, ஸ்ட்ராபெரிக்கு ஆகவே ஆகாது, அதனால இது முதலுதவிக்கு மட்டும்.

நிரந்தரத்துக்கு கிளிஞ்சல் உடைச்சது ரெண்டு கிலோ வலைப்பையில கட்டி பம்ப்பு தண்ணி விழற இடத்துல வையுங்க. தண்ணி அமிலமானா தானா கரையும், சரியானா கரையறது குறைஞ்சிரும், அளவு தப்பற பயமே இல்ல. லெட்டூஸ் ஓரம் கருகுதுன்னீங்களே, அது கால்சியம் குறைவு, அதுக்கும் இதுவே மருந்து.

பச்சைத்தேயிலை_விவசாயி:
கிளிஞ்சலுக்கு எங்க போறதுன்னு யோசிக்காதீங்க. டீ தோட்டம் இருக்கற வீட்டுல எல்லாம் டோலமைட் மூட்டை இருக்கும். டீக்கு மண்ணு 4.5ல இருந்து 5.5 வரைக்கும் வேணும், அதுக்கும் கீழ போயிருச்சுன்னா கவாத்து வருஷம் (செடியை வெட்டி விடற வருஷம்) டோலமைட் சுண்ணாம்புப் பொடி வீசுவோம். அதுல மக்னீசியமும் இருக்கு, இலைக்கு நல்லது. ஆனா நைஸ் பவுடரா போட்டா தண்ணி பால் மாதிரி கலங்கிரும், குருணையா இருக்கறதை சலிச்சு எடுத்து துணிப்பையில கட்டுங்க. கிளிஞ்சலை விட மெதுவாத்தான் கரையும்.

மஞ்சூர்_வீடு:
இதே தொட்டியில திலேப்பியா விட்டா குளிருக்கு தாங்குமா? இல்ல டிரவுட்?

பூம்பாறை_பூண்டு:
திலேப்பியா வேண்டாம்ங்க, 12 டிகிரிக்கு கீழ போனா செத்துரும். டிரவுட் குளிருக்கு பிறந்ததுதான், அவலாஞ்சி பண்ணையில 1907ல இருந்தே இருக்கு, ஆனா ஓடற தண்ணியும் ஆக்சிஜனும் நிறைய கேக்கும், கரண்ட் ஒரு மணி நேரம் போனா 800 லிட்டர்ல தாங்காது. கெண்டைதான் நமக்கு.

கட்டபெட்டு_மீன்தொட்டி:
அக்கா, அண்ணா எல்லாருக்கும். இன்னைக்கு 24வது நாள், என்ன ஆச்சுன்னு எழுதாம இருந்தா தப்பு, அதான் வந்தேன்.

ரெண்டு தடவை தண்ணி மாத்தினதுல அமோனியா 4ல இருந்து 1.8 ஆச்சு. சோடா ரெண்டு தடவை போட்டதும் 6.5ல நின்னுச்சு. கிளிஞ்சல் மேட்டுப்பாளையத்துல இருந்து மாமா கொண்டு வந்தாரு, அது வர்ற வரைக்கும் டோலமைட் பை. எட்டாவது நாள் வரைக்கும் எதுவும் மாறல, நான் தூங்கவே இல்ல. ஒன்பதாவது நாள் நைட்ரைட் லேசா ஊதா காட்டுச்சு, அதை பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்! அது 1 வரைக்கும் போச்சு, சிறுமுகை அண்ணா தனியா சொன்ன மாதிரி அயோடின் இல்லாத கல்லுப்பு 200 கிராம் போட்டேன், நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறதை உப்புல இருக்கற குளோரைடு தடுக்குமாம். இப்ப அமோனியா 0.25, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, பிஎச் பேனாவுல 6.7, கேஎச் மூணு சொட்டு.

தெர்மோகோல் கட்டி மூடி போட்டதுல காலையில 15க்கு கீழ போகல. பெட் மேல பாலித்தீன் கூரை போட்டாச்சு. தீனி மதியம் வெயில் நேரத்துல மட்டும் 8 கிராம். 40 மீனும் இருக்கு. லெட்டூஸ் புது இலை கருகாம வருது, ஸ்ட்ராபெரி மட்டும் பழைய இலை கொஞ்சம் காஞ்சிருக்கு, சோடா வேலையோ என்னவோ.

ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா, கிளிஞ்சல் பையை எப்ப மாத்தணும்?

பூம்பாறை_பூண்டு:
மாத்த வேண்டாம். மாசம் ஒரு தடவை எடுத்து வாளியில அலசுங்க, மேல பாசி மூடினா கரையாது. பாதி ஆனதும் கொஞ்சம் சேத்து போடுங்க. வாரம் ஒரு தடவை கேஎச் பாருங்க, ரெண்டு சொட்டுக்கு கீழ விடாதீங்க. பங்குனி வந்து தண்ணி சூடானதும் மீன் தீனி நல்லா எடுக்கும், அப்ப கரையறதும் கூடும், அப்ப இன்னொரு பை வேணும். அம்மாகிட்ட மீன் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க.