பழைய கணினியில் வில்லுப்பாட்டுப் பதிவு: முதலில் எதை மாற்றுவது?

குழித்துறைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை வில்லுப்பாட்டுக் கலைஞர். கோயில் கொடைவிழாக் காலம் முடிந்து குழுவினர் ஓய்வாக இருக்கும் இந்நாட்களில், அவர் பாடும் கதைகளை வீட்டிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று எண்ணுகிறேன். என்னிடம் இருப்பது 2013-இல் வாங்கிய கணினி: இன்டெல் ஐ5-3470, எச்61 மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மேடைக்குக் கொண்டுபோகும் சிறிய மிக்ஸரை, கணினியின் பின்புறமுள்ள இளஞ்சிவப்புத் துளையில் இணைத்து, ரீப்பர் மென்பொருளில் பதிவு செய்கிறேன்.

தொல்லைகள் மூன்று. சில நொடிகளுக்கு ஒருமுறை 'டப்' என்று வெடிப்பு விழுகிறது. பாட்டைக் கேட்டுக்கொண்டே உடுக்கையை அடித்துச் சேர்த்தால், அது தாளம் தப்பிப் பின்தங்கி நிற்கிறது. ஏழெட்டு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) ஆகி, ரிவெர்ப் எனும் எதிரொலிப்பு போன்றவற்றையும் சேர்த்துவிட்டால் கணினி திணறி நின்றுவிடுகிறது. கடைக்காரர், போர்டு முதல் பிராசசர் வரை அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று 38,000 ரூபாய் கேட்கிறார். என்னால் இயன்றது 15,000. எங்கிருந்து தொடங்கலாம்?

சித்தூர் மிருதங்கம் எழுதியது:

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். பிராசசரை மாற்ற வேண்டாம், நண்பரே. நான்கு கோர் உடைய அந்த ஐ5, குரலும் குடமும் உடுக்கையும் தாளமும் பதிவதற்குத் தாராளமாகப் போதும். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதலில் அந்த இளஞ்சிவப்புத் துளையை விடுங்கள். அது மைக்கிற்கானது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் என்பதால், உள்ளே வரும் ஒலியை அது மேலும் பெருக்கும். மிக்ஸரிலிருந்து வருவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். அதனால் தந்தையார் உச்சத்தில் பாடும்போது குரல் பிளந்து கேட்டிருக்க வேண்டுமே? இன்றைக்கே, மிக்ஸர் போன்றவற்றுக்கான நீலத் துளைக்கு (லைன்-இன்) மாற்றிப் பாருங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.

உடுக்கை பின்தங்குவதற்குக் காரணம் சவுண்டு டிரைவர், அதாவது ஒலிக்கருவியை இயக்கும் நிரல். மதர்போர்டிலுள்ள ஒலிச்சில்லும் விண்டோஸின் வழக்கமான டிரைவரும் சேர்ந்தால், ஒலி உள்ளே போய் வெளியே வருவதற்குள் நூறு மில்லிநொடியைத் தாண்டிவிடக்கூடும். யு.எஸ்.பி. வழி இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் வாங்கி வெளியே விடும் தனிப்பெட்டி) ஒன்றை, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவருடன் வாங்குங்கள். ஒலியைச் சற்றே தேக்கி அனுப்பும் பஃபரை 256 சாம்பிளில் வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 5.3 மில்லிநொடிதான் ஆகும். போக்கும் வரவும் பத்துக்குச் சற்று மேல். உங்கள் போர்டின் யு.எஸ்.பி. 2.0 இதற்குப் போதாதோ என்று தயங்க வேண்டாம். அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். இரண்டு சேனலுக்குத் தேவைப்படுவது இரண்டரை மெகாபிட்கூட இல்லை.

அடுத்து ரேம். உங்கள் போர்டில் பெரும்பாலும் இரண்டு இடங்களே இருக்கும், டி.டி.ஆர்.3 வகையில் 4 ஜி.பி. இரண்டை ஒரே மாதிரியாகப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 32-பிட்டா 64-பிட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், 32-பிட் என்றால் கூட்டிய ரேம் வீண். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் கணினி சட்டென்று எழும், சத்தமும் குறையும். ஆனால் பதிவுக்கு அது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்: 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு டிராக் சேர்ந்தாலும் நொடிக்கு 1.15 எம்.பி.தான், மணிக்கு 4 ஜி.பி. சொச்சம். அதைப் பழைய ஹார்டு டிஸ்க்கே சுமக்கும். ரிவெர்ப் சேர்த்த டிராக்குகளை ரீப்பரிலுள்ள 'ஃப்ரீஸ்' கட்டளையால் உறைய வைத்துவிட்டால் (ரிவெர்ப்போடு சேர்த்தே ஒலிக்கோப்பாக்கிவிடுவது), பிராசசரின் சுமையும் இறங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உடுக்கையைத் தனியே அடித்துச் சேர்க்கலாம். பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவதைத் தனியே பதிந்து சேர்க்காதீர்கள். அது பாடுபவரின் முகத்தைப் பார்த்து வருவது.

செங்கோட்டைச் சாரல் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை, வரிசையில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. எதையும் வாங்குவதற்கு முன் 'லேட்டன்சிமான்' என்னும் நிரலைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை அது காட்டிவிடும். அந்த 'டப்' ஒலிக்குக் காரணம், பத்தில் ஏழு முறை வைஃபை டிரைவர்தான் என்பது என் அனுபவம். பவர் ஆப்ஷனில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுக்கவும் மறவாதீர்கள்.

இன்னொன்று எர்த். எங்கள் வீட்டில் சாரல் காலத்தில் சுத்தமாகப் பதிந்த ஒலியில், பங்குனி வந்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறியது. இரண்டு நாள் கேபிள்களை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்த பிறகு, எலக்ட்ரீசியன் வந்து கொல்லையிலிருந்த எர்த் குழியைக் காட்டினார்; மண் வெடித்துக் கிடந்தது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய அன்று மாலையே இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. சிலர் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்பார்கள். அது உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

பாறசாலை வாசகன் எழுதியது:

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ஆகவே இக்கணினியைப் பதிவுக்கு மட்டும் ஒதுக்கி, இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினால் ஆர்டர் (Ardour) என்னும் பதிவு மென்பொருளும் உண்டு, ரீப்பரும் அதில் ஓடும்.

குழித்துறைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. லேட்டன்சிமானில் சிவப்புக் கோடு ஏறிய இடத்தில் வைஃபை டிரைவரின் பெயர்தான் இருந்தது. கட்டைவிரல் அளவுள்ள அந்த வைஃபை யு.எஸ்.பி.யைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பதிந்தேன். வெடிப்பு ஒன்றுகூட விழவில்லை. நீலத் துளைக்கு மாறியதும் அப்பாவின் குரல் பிளப்பதும் நின்றது. இனி அந்தக் கணினியை இணையத்தில் இணைப்பதாக இல்லை.

ரேமுக்கும் இரண்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸுக்கும் சொல்லிவிட்டேன். ஒரே ஐயம்: குடத்திற்கு மைக்கை எங்கே வைப்பது? வாய்க்கு நேராக வைத்தால், மட்டை விழும்போது 'புஸ்' என்று காற்று அடிக்கிறது.

சித்தூர் மிருதங்கம் எழுதியது:

வாய்க்கு நேராக வேண்டாம். ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து, மைக்கின் முகம் குடத்தின் கழுத்தைப் பார்க்குமாறு வையுங்கள். அப்போதும் காற்று அடித்தால், மைக்கிற்குப் பஞ்சு உறை போட்டு இன்னும் நான்கு விரல் பின்னால் நகர்த்துங்கள்.