காவலூர் வானாய்வகம் போயிட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். நாங்க ஐந்து பேர், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பரீட்சை முடிஞ்சா மொட்டைமாடியில் பாய் விரிச்சு பைனாகுலரில் வானம் பார்ப்போம். வெறுங்கண்ணுக்கு ஆறேழு புள்ளியா இருக்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், பைனாகுலரில் உப்பு சிந்தின மாதிரி தெரியும்! சிரியஸ் நட்சத்திரத்தோட ஒளி இங்க வர 8.6 வருஷம்னு ஒருத்தி சொன்னா. அது கிளம்பினப்போ நாங்க ஆறாம் வகுப்பு. இன்னைக்குக் கிளம்புறது வந்து சேரும்போது யார் எங்க இருப்போம்னு விடிய விடியப் பேசினோம்.

ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நேரில் பார்க்க ரொம்ப ஆசை. இப்போ எந்த நாளில் உள்ளே விடுறாங்க? வாணியம்பாடியிலிருந்து பஸ் எப்படி? ராத்திரி திரும்ப முடியலைன்னா பாதுகாப்பா தங்க இடம் உண்டா? எங்களில் இரண்டு பேர் பெண்கள், வீட்டில் முதல் கேள்வியே அதுதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.