கேட்ட அளவு ஒன்று, கிடைத்த அளவு இன்னொன்று: விட்ஜெட்டோடு பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

கொக்குவில்_நிரலன்:
திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்கு பில் போடும் மென்பொருள். பைத்தான் மொழி, திரையில் பட்டன் போன்ற விட்ஜெட்டுகளை வைக்க டிகிண்டர். விட்ஜெட்டுகளை உள்ளே வைக்கும் பெட்டியான ஃப்ரேமுக்கு 400க்கு 300 பிக்சல் என்று எழுதி ஓட்டினேன், அளவாக நின்றது. முதலாளி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். "உதுக்குள்ள ஒரு பட்டன் வையுங்கோ தம்பி" என்றார். உள்ளே இருப்பவற்றுக்கு இடம் ஒதுக்கும் 'பேக்' வசதியால் பட்டனை வைத்து ஓட்டினேன். முழு விண்டோவும் சுருங்கி அந்தப் பட்டனைச் சுற்றி ஒட்டிக்கொண்டது! "பெட்டி எங்க தம்பி போட்டுது?" என்று குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்க்கிறார் மனிதர். பிழைச் செய்தி ஏதாவது வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசியில், உள்ளே இருப்பவற்றுக்கு ஏற்ப ஃப்ரேமின் அளவை மாற்றும் 'பேக்_ப்ரோபகேட்'டை நிறுத்தித்தான் அன்றைய மானத்தைக் காப்பாற்றினேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், சொல்லுங்கோ.

மானிப்பாய்_அக்கா:
அதை நிறுத்தினது தீர்வு இல்லை தம்பி. பட்டன் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்கிறது. பேக் உள்ளே இருப்பவை கேட்டதையெல்லாம் கணக்குப் பார்த்து, ஃப்ரேமின் பெயரில் புதிதாக ஓர் அளவைக் கேட்கிறது. நீங்கள் எழுதின 400 அங்கேதான் அடிபட்டுப் போகிறது. ப்ரோபகேட் இல்லாமல் விட்டால், எழுத்துரு பெரிதாகிற நாளில் பட்டன் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டில் ஆகக் குறைந்த அளவைச் சொல்ல 'மின்சைஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பாவித்திருக்கலாம்.

எனக்கு நடந்தது கம்பஸ் ஆய்வுகூடத்தில். விண்டோவைத் திரையின் நடுவில் நிறுத்த வேண்டும். அகலம் எவ்வளவு என்று கேட்டால் 1 என்கிறது, உயரமும் 1. அந்தக் கணக்கில் விண்டோவின் இடது மேல் மூலை சரியாகத் திரையின் நடுவில், மீதி முழுக்க வலது கீழ்ப்பக்கம். விரிவுரையாளர் பார்த்தார், சிரித்தார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். 'வின்ஃபோ_விட்த்' என்பது திரையில் கிடைத்த அகலம், 'வின்ஃபோ_ரெக்விட்த்' விட்ஜெட் கேட்ட அகலம். இடம் ஒதுக்கும் வரைக்கும் முதலாவது 1தான். மிச்சம் இருக்கும் அளவுக் கணக்குகளை முடிக்கச் சொல்லும் 'அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ்' கூப்பிட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தேன், சரி வந்தது.

பருத்தித்துறை_வடை:
எனக்கு பார்டர்தான் பேய். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் முன்பு இருந்தவர் சி மொழியில் ஒரு பெட்டி விட்ஜெட் எழுதி வைத்துவிட்டுக் கனடா போய்விட்டார். மேலே தலைப்பு, சுற்றிவர நீலக் கோடு, வெறுமனே ஓட்டினால் நல்ல வடிவு. உள்ளே எழுத்துக் காட்டும் ஒரு லேபல் வைத்தால் அது போய்த் தலைப்பின் மேலேயே ஏறி இருக்கும். 'வாடிக்கையாளர்' என்ற தலைப்பில் 'ளர்' மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். யார் யாரோ சுற்றிவர வெற்றிடம் விடும் பேடிங் போட்டுச் சமாளித்திருந்தார்கள். நிரலைத் திறந்து பார்த்தால், டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே நூலகத்திடம் அளவு கேட்கும் 'டிகே_ஜியோமெட்ரிரிக்வெஸ்ட்' இருக்கிறது, உள் ஓரம் விடச் சொல்லும் 'டிகே_செட்இன்டர்னல்பார்டர்' எங்கேயும் இல்லை. கோடு கீறுவது விட்ஜெட்டின் வேலை, சரி. ஓரத்தில் இவ்வளவு விடு என்று சொல்லாமல் பேக்குக்கும் கிரிட்டுக்கும் எப்படித் தெரியும்? அந்த செட்இன்டர்னல்பார்டரும் நாலு பக்கமும் ஒரே அளவுதான் விடும், தலைப்புக்காக மேலே கூட வேண்டுமென்றால் 'இஎக்ஸ்' என்று முடியும் மற்றதைக் கூப்பிட வேண்டும். 2002இல் வந்த டிகே 8.4இலேயே தலைப்போடு கூடிய பெட்டியான லேபல்ஃப்ரேம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த மனிதர் ஏன் இவ்வளவு பாடுபட்டார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சுன்னாகத்தான்:
அக்கா சொல்வது பாதிதான் சரி. பக்கப்பட்டை ஒரே அகலத்தில் நிற்க வேண்டும், உள்ளே எவ்வளவு நீளமான பெயர் வந்தாலும் அகலக்கூடாது என்றால் ப்ரோபகேட்டை நிறுத்தத்தான் வேண்டும். அதற்காகத்தானே அந்த வசதியே இருக்கிறது.

என் கதை சின்னது. பழைய கணினி, ஒரே ஃப்ரேமுக்குள் பேக்கும் கிரிட்டும். விண்டோ வரவே இல்லை, விசிறி மட்டும் இரைகிறது. ஒன்று அளவை மாற்ற மற்றது திரும்ப மாற்ற, முடிவே இல்லாத இழுபறி. டிகே 8.6இலிருந்து அது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

தம்பிக்கு இன்னொன்று. தமிழ் லேபலுக்கு 'விட்த்' என்று எண் போடாதீர்கள். அது பிக்சல் இல்லை, அந்த எழுத்துருவில் '0' பிடிக்கும் அகலம் ஒரு அலகு. ஆங்கிலத் தலைப்புக்கு 12 போதும் என்றால், அதே 12 'கொள்வனவுத் தொகை'யை வெட்டிவிடும். ஒன்றும் போடாமல் விட்டால் லேபல் தன் எழுத்தைத் தானே அளந்து கேட்கும். படம் வரையும் கேன்வாஸிலும் கவனம். 400 கேட்டு, சுற்றிவரும் ஹைலைட் கோட்டின் தடிப்பு 2 என்று இருந்தால் அது உண்மையில் கேட்பது 404. படத்தைச் சுற்றி மெல்லிய கோடு வருகிறது என்று அழுகிறவர்கள் பாதிப் பேருக்கு அதுதான் காரணம், 0 ஆக்கிவிடுங்கள். அப்புறம் முதன்மையான ரூட் விண்டோவுக்கு எடுத்தவுடனே 'ஜியோமெட்ரி' என்று அளவை எழுதும் பழக்கத்தையும் விடுங்கள், பிறகு அது உள்ளே இருப்பவை கேட்பதைக் கேட்காது.

கொக்குவில்_நிரலன்:
அண்ணை, நான் கேட்டது கதை, நீங்கள் ரியூசனே எடுத்துவிட்டியள். ஆனால் கடைசி வரி இடிக்கிறது. முதலாளியின் மகன் விண்டோவை மவுஸால் இழுத்துப் பெரிதாக்கினான், அதற்குப் பிறகு பில்லில் வரிசை கூடினாலும் விண்டோ வளரவில்லை. இதுவும் அதுதானா?

மானிப்பாய்_அக்கா:
அதேதான். கையால் இழுத்த பிறகு உள்ளே இருப்பவை கேட்பதை விண்டோ காதில் வாங்காது. 'ஜியோமெட்ரி'க்கு வெற்றுச் சரம் கொடுங்கோ, பழையபடி கேட்கத் தொடங்கும். பக்கப்பட்டைக்கு நிறுத்தலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் சுன்னாகத்தான், ஆனால் தம்பி செய்தது பக்கப்பட்டை இல்லை.